ஆலைக் கழிவுநீரிலிருந்து நைதரசனை அகற்றுவது எப்படி? வன்னியில் புதிதாகப் பொறுப்பெடுப்பவர்களுக்கு

மன்னார், பூநகரி, முல்லைத்தீவுக் கரைகளில் மீனும் நண்டும் பதப்படுத்துகிறார்கள். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பால் சேகரித்துக் குளிரூட்டுகிறார்கள். அங்கங்கே மடுவங்கள் இருக்கின்றன. இப்படியான ஓர் இடத்தில் "தண்ணி சுத்திகரிக்கிற வேலையை இனி நீங்கள் பாருங்கோ" என்று சாவியைக் கையில் தந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இரசாயனம் படித்திருக்க வேண்டும் என்றில்லை. ஒரு கொப்பி, ஒரு கல்குலேட்டர், ஒவ்வொரு நாளும் தொட்டியைப் பார்க்கும் பழக்கம், இவை இருந்தால் போதும்.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் தடுமாறுவது இதில்தான். அமோனியா குறைந்துவிட்டால் நைதரசன் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அது போகவில்லை, நைத்திரேற்றாக மாறி அதே தண்ணீரில் கரைந்து நிற்கிறது. மணமில்லை, நிறமில்லை. கடைசியில் அது நைதரசன் வாயுவாகக் குமிழிவிட்டு ஆகாயத்துக்குப் போனால்தான் உண்மையில் அகன்றது. கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த வாயுவை வரவைப்பதற்கானவை.

வன்னியில் இது ஏன் இத்தனை முக்கியம்? நாங்கள் குடிப்பது பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர். மன்னார், முருங்கன், பூநகரிப் பக்கம் அடியில் சுண்ணாம்புக் கல். ஊறுகுழியில் விட்ட தண்ணீர் அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியாக, வடிகட்டப்படாமலே அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போகும். வவுனியாப் பக்கம் கீழே கடும்பாறை. அதற்கு மேலுள்ள மெல்லிய மண்படையில்தான் கிணறுகள் ஊறுகின்றன. குளத்துக்குள் போனால் பாசி பிடித்துவிடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். முக்கியமாகப் புட்டிப்பால் குடிக்கும் சிறு குழந்தைகளுக்காக வைத்த எல்லை அது. நைத்திரேற்று மிஞ்சினால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சரியாகக் கொண்டுபோகாது, உடம்பு நீலம்பாரிக்கும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

முதல் வேலை: உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது?

தொட்டி கட்டுவதற்கு முன், அல்லது ஏற்கெனவே உள்ள தொட்டியைத் திருத்துவதற்கு முன், தண்ணீரை அளக்க வேண்டும். காலையில் ஒரு போத்தல் எடுத்து அனுப்பினால் சரிவராது. காலையில் கழுவும் தண்ணீர் ஒரு மாதிரி, மத்தியானம் வெட்டும்போது ஓடும் இரத்தத் தண்ணீர் இன்னொரு மாதிரி, பின்னேரம் குளோரீன் போட்டு நிலம் கழுவும் தண்ணீர் வேறொரு மாதிரி. வேலை நடக்கும் நேரம் முழுவதும் மணிக்கொரு தடவை ஒரே அளவு எடுத்து, ஒரு வாளியில் கலந்து, அதிலிருந்து மாதிரி எடுங்கள். எங்கள் வெயிலில் ஒரு மணித்தியாலத்திலேயே புரதம் உடையத் தொடங்கிவிடும். அதனால் ஐஸ் போட்ட பெட்டியில் வைத்தே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேட்க வேண்டிய சோதனைகள் இவை: சீஓடி, பீஓடி, மொத்தக் கெல்டால் நைதரசன், அமோனியா நைதரசன், நைத்திரேற்று, காரத்தன்மை, பீஎச், குளோரைட்டு. சீஓடி, பீஓடி இரண்டும் தண்ணீரிலுள்ள அழுக்கை உடைக்க எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்று காட்டும் எண்கள். சீஓடி இரசாயனத்தால் உடைப்பதற்கு, பீஓடி பற்றீரியா தின்று உடைப்பதற்கு. காரத்தன்மை என்பது பீஎச் விழாமல் அமிலத்தைத் தாங்கும் சக்தி, அதைக் கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டுச் சொல்வார்கள். கெல்டால் என்பது அமோனியாவையும் புரதத்தில் கட்டுண்ட நைதரசனையும் சேர்த்துக் காட்டும் எண். நைத்திரேற்றை அது காட்டாது. பால் நிலையங்களில் குழாய் கழுவ நைத்திரிக்கமிலம் பாவித்தால் நைத்திரேற்று வாசலிலேயே வந்துவிடும். அந்த இடத்தில் கெல்டாலை மட்டும் பார்த்தால் ஒரு பெரிய பங்கு உங்கள் கண்ணில் படாது.

சட்டப் பக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடும் ஆலைக் கழிவுநீருக்கு அமோனியா நைதரசன் லீற்றருக்கு 50 மில்லிகிராம், மொத்தக் கெல்டால் நைதரசன் 150 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். உங்கள் உரிமத்தில் எந்த எண் எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பொருந்தும். இந்த இரண்டு எண்ணுக்குள்ளும் நைத்திரேற்று அடங்காது என்பதை மறக்காதீர்கள். எல்லைக்குள் நின்றுகொண்டே பக்கத்துக் கிணற்றைக் கெடுக்கலாம். ஆகவே உரிமத்தில் கேட்காவிட்டாலும் நைத்திரேற்றை அளந்து எழுதுங்கள்.

அளக்கும்போதே நைதரசனை வாசலில் குறைக்கவும் பாருங்கள். அதைப்போல மலிவான வழி வேறில்லை. புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைதரசன். தண்ணீருக்குள் விழாத குடலும் ஓட்டுத் துண்டும் சுத்திகரிக்க வேண்டியதில்லை. நிலத்தைப் பைப்பால் அடித்துக் கழுவுவதற்கு முன் கூட்டி அள்ளச் சொல்லுங்கள். மடுவத்தில் இரத்தத்தைத் தனியே பிடியுங்கள். வடிகானில் கம்பிவலை வையுங்கள், அதற்கடுத்துக் கொழுப்புப் பொறி. இவ்வளவும் செய்த பிறகு வரும் தண்ணீரை அளந்து, அந்த எண்ணை வைத்துத்தான் தொட்டி கட்ட வேண்டும்.

தொட்டிக்குள் யார் என்ன செய்கிறார்கள்

இதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். புரதம் உடைந்து முதலில் அமோனியா ஆகிறது. அது கேட்காமலே நடக்கும். அடுத்து நைத்திரேற்றாக்கம். நைத்திரோசோமோனாசு போன்ற பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், நைத்திரோசுப்பைரா, நைத்திரோபற்றர் போன்றவை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். இவர்களுக்கு மூன்று விஷயம் வேண்டும்: நிறையக் காற்று, போதிய காரத்தன்மை, நிறைய நாள். சீஓடியைத் தின்னும் பற்றீரியா சில மணித்தியாலத்தில் இரட்டிக்கும். நைத்திரேற்றாக்கிகளுக்கு ஒரு நாளுக்குக் கிட்ட வேண்டும், நிலைமை சரியில்லாவிட்டால் அதைவிடக் கூட. பற்றீரியாக்கள் திரண்டு தொட்டியில் சேறாக நிற்கும். அந்தச் சேற்றை அவசரப்பட்டு வெளியே அள்ளினால் முதலில் காணாமல் போவது இவர்கள்தான்.

கடைசிப் படி நைதரசனிறக்கம். இதைச் செய்வது சீஓடியைத் தின்னும் அதே கூட்டம். காற்றை நிறுத்திவிட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால், கரைந்த ஒட்சிசன் தீர்ந்ததும் அவை நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து மூச்சுவிடும், நைதரசன் வாயுவாக வெளியே போகும். அதற்குத் தின்ன உணவு வேண்டும், அதாவது காபன். அந்தக் காபன் உங்கள் கழிவுநீரிலேயே இருக்கிறது. பழைய நைத்திரேற்றும் புதிய கழிவுநீரும் காற்றில்லாத நேரத்தில் ஒன்றையொன்று சந்திக்கும்படி ஒழுங்கு செய்வதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம்.

எங்கள் வெப்பம் இதற்குத் துணை. குளிர் நாடுகளில் மாரியில் நைத்திரேற்றாக்கம் நின்றுவிடுமோ என்று பயப்படுவார்கள். இங்கே தண்ணீர் வருடம் முழுக்க இளஞ்சூடாகவே இருப்பதால் பற்றீரியா வேகமாக வேலை செய்யும். அதேநேரம் சூடான தண்ணீர் குறைந்த ஒட்சிசனையே பிடித்துவைக்கும். 20 பாகை செல்சியசில் லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் கரையுமென்றால் 30 பாகையில் 7.5தான். உப்பிருந்தால் இன்னும் குறையும். காற்று ஊதியை வாங்கும்போது இதைச் சொல்லி வாங்குங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, கடற்கரையோரம் நண்டும் மீனும் பதப்படுத்தும் ஒரு சிறு ஆலையை எடுப்போம். நாளுக்கு 20 கன மீற்றர் தண்ணீர். கம்பிவலைக்கும் கொழுப்புப் பொறிக்கும் பிறகு சீஓடி 1,200, பீஓடி 700, கெல்டால் நைதரசன் 120, காரத்தன்மை 300. எல்லாம் லீற்றருக்கு மில்லிகிராம். இனி எண்ணை மட்டும் சொன்னாலும் அப்படியே எடுங்கள்.

நைதரசன் நாளுக்கு 2.4 கிலோ. இது எவ்வளவு என்று கமக்காரர் யாரிடமும் கேட்டால் உடனே சொல்வார்கள். ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் நைதரசன். அப்படியென்றால் நாளுக்கு 5 கிலோவுக்கு மேல் யூரியா, மாதத்துக்கு மூன்று 50 கிலோ மூடை, வாய்க்காலுக்குள் போகிறது. சின்ன ஆலைதானே என்று விட முடியாத அளவு.

பீஓடியைத் தின்று வளரும் பற்றீரியா, தன் உடம்பைக் கட்ட அதில் ஏறக்குறைய 5 சதவீத அளவு நைதரசனை எடுத்துக்கொள்ளும். அது 35. கரைந்தும் உடையாமலும் வெளியே போவது 5 என்று வைப்போம். மீதி 80 நைத்திரேற்றாக வேண்டும்.

ஒட்சிசன்: ஒரு கிராம் நைதரசனுக்கு 4.57 கிராம். நாளுக்கு 1.6 கிலோ நைதரசனுக்கு 7.3 கிலோ. பீஓடிக்கு இன்னும் 16 கிலோ போடுங்கள். நைதரசனிறக்கம் ஒழுங்காக நடந்தால் ஒரு கிராம் நைத்திரேற்று நைதரசனுக்கு 2.86 கிராம் ஒட்சிசன் மிச்சமாகும். எல்லாம் கழித்தால் நாளுக்கு 20 கிலோ வரும். காற்றில்லாமல் கலக்கும் நேரம் மின்கட்டணத்திலும் உங்களுக்கு இலாபம் என்பதை முதலாளிக்கு இந்த எண்ணை வைத்தே காட்டலாம்.

காரத்தன்மை: புதியவர்கள் தொண்ணூறு வீதம் மறப்பது இதைத்தான். ஒரு கிராம் அமோனியா நைதரசன் நைத்திரேற்றாகும்போது 7.14 கிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். நைதரசனிறக்கத்தில் 3.57 கிராம் திரும்பி வரும். 80க்கு 571 தேவை. அதில் 64 வாயுவாகப் போனால் 228 திரும்பும். தொட்டியில் எப்போதும் 100 மிஞ்சியிருக்க வேண்டும். ஆக 443 வேண்டும். உங்களிடம் இருப்பது 300. குறைவது 143, நாளுக்கு 2.9 கிலோ. அப்பச்சோடாவாகப் போட்டால் ஏறக்குறைய 5 கிலோ, நீறிய சுண்ணாம்பாகப் போட்டால் 2 கிலோவுக்குச் சற்று மேல். சுண்ணாம்பு மலிவு, ஆனால் கூடிப்போனால் பீஎச் ஒரேயடியாக ஏறிவிடும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. புதியவர்களுக்கு அப்பச்சோடாவைத்தான் சொல்வேன்.

இந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் நிலம் கைகொடுக்கும். முருங்கன் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் இயற்கையாகவே காரத்தன்மை கூட. அந்தத் தண்ணீரால் கழுவும் ஆலைக்குச் சோடா தேவைப்படாமலே போகலாம். புரதம் உடையும்போதும் கொஞ்சம் காரத்தன்மை வரும். அதனால் கணக்கை ஆரம்பத்துக்கு வைத்துக்கொண்டு, பிறகு தொட்டியில் அளந்து பார்த்துச் சோடாவைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

தொட்டி: ஒன்றே போதும்

பெரிய நிலையங்களில் காற்றில்லாத தொட்டி, காற்றுத் தொட்டி, படியவைக்கும் தொட்டி என்று தனித்தனியே கட்டி, தண்ணீரைச் சுற்றிச் சுற்றி விடுவார்கள். நாளுக்கு 20 கன மீற்றருக்கு அது தேவையில்லை. ஒரே தொட்டியில் நேரத்தைப் பிரித்து எல்லாவற்றையும் செய்யும் முறை இருக்கிறது, எஸ்பிஆர் என்பார்கள். வன்னியில் சிறு ஆலைக்கு நான் இதைத்தான் சொல்வேன். உடையும் பொருள் குறைவு, ஏதாவது பிசகினால் டைமரைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

முன்னால் ஒரு சேமிப்புத் தொட்டி வேண்டும், ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும் அளவில். உப்பு, குளோரீன், இரத்தம் எல்லாம் அங்கே கலந்து சமமாகட்டும். அந்தத் தொட்டியில் புரதம் அழுகினால் ஐதரசன் சல்பைட்டு வாயு சேரும். மூடிய தொட்டிக்குள் தனியே இறங்கியவர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து இறந்த கதைகள் உலகமெங்கும் உண்டு. மூடாமல் வலைபோட்டு வையுங்கள், கலக்கி ஒன்று ஓடட்டும், எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் உள்ளே இறங்கவிடாதீர்கள்.

பிரதான தொட்டி 50 கன மீற்றர்: 4 மீற்றர் நீளம், 3.6 மீற்றர் அகலம், 3.5 மீற்றர் தண்ணீர் ஆழம். அதற்கு மேல் அரை மீற்றர் நுரைக்கு விடுங்கள். அடியில் காற்றைச் சிறு குமிழிகளாக விடும் டிஃபியூசர்கள், பக்கத்தில் ஒரு கலக்கி, 3 கிலோவாற்று அளவில் ஒரு காற்று ஊதி, முடிந்தால் இன்னொன்று கையிருப்பில். நாளுக்கு மூன்று சுற்று, ஒவ்வொன்றும் 8 மணித்தியாலம். முதல் 2 மணித்தியாலம் காற்றில்லாமல் கலக்கிக்கொண்டே 6.7 கன மீற்றர் புதிய கழிவுநீரை விடுங்கள். அடுத்த 4 மணித்தியாலம் காற்று. பிறகு எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு மணித்தியாலம் படியவிடுங்கள். கடைசியில் மேலிருக்கும் தெளிந்த தண்ணீரை அரை மீற்றருக்குச் சற்றுக் குறைவாக இறக்குங்கள். மிச்ச நேரம் ஓய்வு.

ஏன் மூன்று சுற்று, ஏன் இரண்டு இல்லை? இதில்தான் நைத்திரேற்று அளவு தங்கியிருக்கிறது. இரண்டு சுற்று என்றால் ஒவ்வொரு தடவையும் தொட்டியின் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாறும். அந்தப் பங்கில் உருவான நைத்திரேற்று முழுத் தொட்டிக்கும் பரவி, நைதரசனாக 16 அளவில் வெளியே போகும். மேலே காரத்தன்மைக் கணக்கில் 64 வாயுவாகும் என்று எடுத்தது இதை வைத்துத்தான். நைத்திரேற்றாகச் சொன்னால் (4.43ஆல் பெருக்க வேண்டும்) அது 71, குடிநீர் எல்லைக்கு மேல். மூன்று சுற்றில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மாறும். வெளியே போவது 10.7, நைத்திரேற்றாக 47. எல்லைக்குள் வந்துவிட்டது. தொட்டியும் அதேதான், காற்றும் அதேதான். டைமரை மட்டுமே மாற்றினோம். காபன் போதுமான அளவு இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். சீஓடி நைதரசனைப்போல் குறைந்தது 5, 6 மடங்காவது இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 10 மடங்கு, கவலையில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. அடுப்பெரிக்கும் உயிர்வாயு (பயோகாஸ்) எடுக்கலாம் என்று முழுக் கழிவுநீரையும் முதலில் வாயுத் தொட்டிக்குள் விடச் சிலர் சொல்வார்கள். அது காபனை எடுத்துவிட்டு நைதரசனை அப்படியே விட்டுவிடும். பிறகு நைதரசனிறக்கத்துக்கு உணவில்லாமல் சீனிப்பாகு வாங்கி ஊற்ற வேண்டிவரும். உயிர்வாயு வேண்டுமென்றால் ஒரு பங்கை மட்டும் அதற்குள் விட்டு, மீதியை நேரே இந்தத் தொட்டிக்கு விடுங்கள்.

சேறு வளர்ப்பது

வெறும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் காற்றடித்தால் நைத்திரேற்றாக்கிகள் வந்து சேர மாதக்கணக்காகும். ஒழுங்காக ஓடும் ஒரு நிலையத்திலிருந்து உயிர்ச்சேறு கொண்டுவாருங்கள். பெரிய வைத்தியசாலை, ஆடைத் தொழிற்சாலை போன்ற இடங்களில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே வருவது பெரும்பாலும் மலசலகூடத் தண்ணீர் என்பதால் நைதரசன் பழக்கப்பட்ட சேறு. பௌசரில் 5 கன மீற்றர் கிடைத்தாலே நல்ல தொடக்கம். மாட்டுச்சாணம் கரைத்து ஊற்றும் பழக்கம் எங்கும் உண்டு. அதனால் சீஓடி குறையும், ஆனால் நைத்திரேற்றாக்கிகள் அதில் மிகக் குறைவு. அதை நம்பியிருந்தால் அமோனியா அப்படியே நிற்கும்.

கொண்டுவந்த சேற்றை உடனே தொட்டியில் விட்டுக் காற்றைப் போடுங்கள். முதல் வாரம் கழிவுநீரில் நாலில் ஒரு பங்கு மட்டும். மிச்சத்தை எங்கே விடுவது என்பதை முன்கூட்டியே யோசித்து, தொழில் குறைவான காலத்தில் தொடங்குவது புத்தி. அமோனியா 5க்குக் கீழே இறங்கினால் அடுத்த கால் பங்கைக் கூட்டுங்கள். இறங்காவிட்டால் கூட்ட வேண்டாம். எத்தனை நாளானாலும் பொறுங்கள்.

இடையில் நைத்திரைற்று ஏறும். இது வழமையானது, முதல் கூட்டம் வளர்ந்துவிட்டது, இரண்டாவது கூட்டம் பின்னால் வருகிறது. மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் பட்டித் தாளால் நைத்திரைற்று, நைத்திரேற்று இரண்டையும் ஒவ்வொரு நாளும் பார்க்கலாம். நைத்திரைற்று ஏறி, பிறகு இறங்கி, நைத்திரேற்று தெரியத் தொடங்கியதும் பாதி வேலை முடிந்தது. எங்கள் வெப்பத்தில் நல்ல சேறு கிடைத்தால் மூன்றிலிருந்து ஆறு கிழமைக்குள் இது நடக்கும்.

உப்புள்ள கழிவுநீரென்றால் இன்னும் மெதுவாகப் போங்கள். உப்புக் கூடுவதை இந்தப் பற்றீரியா தாங்கும், திடீரென்று மாறுவதைத்தான் தாங்காது. இன்று நல்ல தண்ணீர், நாளைக்கு உப்புத் தண்ணீர் என்று மாறி மாறி வந்தால் சேறு கலங்கிப்போகும்.

ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டியவை

காற்று முடியும் நேரத்தில் ஒரு லீற்றர் அளவுச்சாடியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மேசையில் வையுங்கள். நல்ல சேறென்றால் ஐந்து நிமிடத்துக்குள் மண்ணிறத் திட்டுகளாகச் சேர்ந்து, மேலே தெளிந்த தண்ணீரை விட்டுக்கொண்டு இறங்கும். முப்பதாவது நிமிடம் மட்டத்தை எழுதுங்கள். 300க்கும் 450 மில்லிலீற்றருக்கும் இடையில் நிற்பது நல்லது. மணம் மழை பெய்த தோட்டத்து மண் மாதிரி இருக்க வேண்டும். கறுப்பாகி முட்டை நாறினால் காற்றுப் போதவில்லை. சாடியை எறியாமல் இன்னும் ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். சேறு குமிழியோடு மேலே எழும்பினால் பயப்பட வேண்டாம், அந்தக் குமிழிதான் நைதரசன் வாயு. சாடிக்குள் எழும்புவது சரி. தொட்டியில் படியும் நேரத்திலேயே எழும்பினால் நைத்திரேற்று மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். படியவிடும் நேரத்தைக் குறைத்து, கலக்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

காரத்தன்மையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அளக்கலாம், மிகச் சுலபம். தெளிந்த தண்ணீர் 100 மில்லிலீற்றர், மெதைல் ஒரேஞ்சு இரண்டு துளி, அளவியில் 0.02 நோமல் சல்பூரிக்கமிலம். மஞ்சள் நிறம் செம்மஞ்சளாகும்வரை துளித்துளியாக விடுங்கள். செலவான ஒவ்வொரு மில்லிலீற்றரும் 10 காரத்தன்மை. பத்து மில்லிலீற்றர் போனால் 100, நல்லது. ஐந்துக்குக் கீழே வந்தால் அன்றைக்கே சோடாவைக் கூட்டுங்கள். பீஎச் மீற்றர் மட்டும் போதுமே என்று கேட்பார்கள். காரத்தன்மை தீரும்வரை பீஎச் பெரிதாக அசையாது, தீர்ந்த பிறகு ஒரேயடியாக விழும். 6.5க்குக் கீழே போனால் நைத்திரேற்றாக்கம் தளர்ந்துவிடும். பீஎச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு விஷயம் தெரியவரும்போது பிந்திவிடும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்று நேரத்தில் கரைந்த ஒட்சிசன் 2 இருக்க வேண்டும், கலக்கும் நேரத்தில் பூச்சியத்தை ஒட்டி. கலக்கும் நேரம் முடியும்போது பட்டித் தாளில் நைத்திரேற்று காணாமல் போயிருக்க வேண்டும். வெளியே விடும் தண்ணீரில் அமோனியாவும் நைத்திரேற்றும். எல்லாவற்றையும் திகதி போட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.

சேறு அள்ளுவதற்கு ஒரு எளிய வழி உண்டு. சேற்றின் வயது 20 நாளாக இருக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு நாளும் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது தொட்டியில் இருபதில் ஒரு பங்கை, அதாவது 2.5 கன மீற்றரை, வெளியே எடுங்கள். நிறுத்துப் பார்க்கத் தேவையில்லை. சேறு தடித்தாலும் மெலிந்தாலும் வயது தானாகவே சரியாக நிற்கும். பலர் சேறு அதிகமாகத் தெரிந்ததும் ஒரே நாளில் பாதியை இறைத்துவிடுவார்கள். அடுத்த கிழமை அமோனியா ஏறும், காரணம் தெரியாமல் தவிப்பார்கள்.

அமோனியா திடீரென்று ஏறினால்

இந்த வரிசையில் பாருங்கள். முதலில் காற்று: ஊதியின் பட்டி வழுக்குகிறதா, டிஃபியூசர் அடைத்ததா. இரண்டாவது காரத்தன்மை. மூன்றாவது, நேற்று பின்னேரம் நிலம் கழுவியவர் யார், எவ்வளவு குளோரீன் போட்டார். கிருமிநாசினிகளில் முதலில் சாவது நைத்திரேற்றாக்கிகள்தான். கழுவும் பகுதிப் பொறுப்பாளரோடு சுமுகமாகப் பேசி, பெரிய கழுவல் நடக்கும் நாளை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரைச் சேமிப்புத் தொட்டியில் வைத்து, குளோரீன் பட்டித் தாளில் பூச்சியம் காட்டும்வரை சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் சேர்த்துவிட்டு உள்ளே விடலாம். நாலாவது, சேறு அடித்துப் போனதா.

நைத்திரைற்று மட்டும் ஏறி நின்றால் பெரும்பாலும் காற்றுக் குறைவு, அல்லது சோடா கூடிப் பீஎச் 8.5ஐத் தாண்டியிருக்கும். பீஎச் ஏறினால் அமோனியா சுயாதீன நிலைக்கு, அதாவது கரைந்த வாயுவாக மாறி, இரண்டாவது கூட்டத்தை அமுக்கிவிடும். நைத்திரைற்று இருக்கும்போது சீஓடி எண்ணும் பொய்யாகக் கூடித் தெரியும் என்பதை ஆய்வுகூட அறிக்கை பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.

மாரி, மின்வெட்டு, தொழிலில்லாத நாட்கள்

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அடிக்கும் மழைதான் இங்கே பெரிய சோதனை. கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் கழிவு வடிகானுக்குள் வந்தால், சேறு முழுவதும் ஒரே இரவில் வெளியே போய்விடும். புரட்டாதிக்கு முன்பே வடிகான்களைப் பிரித்து, மூடிபோட்டு முடித்துவிடுங்கள். இதைச் செய்யாத நிலையம் ஒவ்வொரு தை மாதமும் புதிதாகத் தொடங்க வேண்டிவரும்.

மின்சாரம் நின்றால் முதலில் கழிவுநீர் விடுவதை நிறுத்துங்கள். காற்றில்லாமல் புதிய உணவு கொடுப்பதுதான் சேற்றைக் கெடுக்கும். சும்மா கிடந்தால் சில மணித்தியாலம் தாங்கும். நீண்ட மின்வெட்டென்றால் ஜெனரேட்டரில் இரண்டு மணித்தியாலத்துக்கொரு தடவை கால் மணித்தியாலம் காற்றுப் போடுங்கள்.

கடல் கொந்தளித்து மீனும் நண்டும் வராத நாட்களில் சேறு அள்ளுவதை நிறுத்துங்கள். காற்றை நாளுக்குச் சில மணித்தியாலமாகக் குறைத்துவிடுங்கள். வேலையாட்களின் மலசலகூடத் தண்ணீரைத் திருப்பி விட முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் நாளுக்குக் கால் கிலோ யூரியா கரைத்து விட்டால் நைத்திரேற்றாக்கிகள் பிழைத்திருக்கும். தொழில் திரும்பத் தொடங்கும்போது முழுச் சுமையை முதல் நாளே போடாமல், நாலைந்து நாளில் ஏற்றுங்கள்.

வெளியே போகும் தண்ணீரும் சேறும்

தெளிந்த தண்ணீரை உரிமத்தில் குறித்த இடத்துக்கு மட்டும் விடுங்கள். உப்புக் குறைவாயிருந்தால், அனுமதி பெற்றுத் தென்னைக்கோ நேப்பியர் புல்லுக்கோ பாய்ச்சலாம். மிச்ச நைத்திரேற்றைப் புல் எடுத்துக்கொள்ளும். மழைநாளில் பாய்ச்சினால் எடுக்காது, நேரே கீழே இறங்கும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊறுகுழி வேண்டவே வேண்டாம்.

அள்ளிய சேற்றை மணற்படுக்கையில் காயவிடுங்கள். படுக்கையின் அடியில் வடியும் தண்ணீரைத் திரும்பச் சேமிப்புத் தொட்டிக்கே கொண்டுவர வேண்டும், அதில் அமோனியா நிறைய இருக்கும். மாரியில் படுக்கைக்கு மேல் தகரக் கூரை போடுங்கள். காய்ந்த சேறு பசளையாகும் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். நண்டு, மீன் ஆலைச் சேற்றில் உப்பு இருக்கும். குளோரைட்டும் மின்கடத்துதிறனும் பார்த்த பிறகு, கூட்டெருவோடு கலந்து, முதலில் ஒரு மூலையில் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். மரக்கறிப் பாத்திக்கு நேரே போடக் கொடுக்காதீர்கள்.